அமுக்கினால் வீங்கிய கல்

அமுக்கினால் எதுவும் சுருங்கும். பஞ்சு சுருங்கும், பந்து சுருங்கும், பஸ்ஸில் கூட்டம் ஏறினால் மனிதன்கூடச் சுருங்குவான். கல்லும் சுருங்கும், கொஞ்சம்தான், ஆனால் சுருங்கியே தீரும். இதைச் சொல்ல ஓர் ஆராய்ச்சிக்கூடம் எதற்கு, அதற்குச் சம்பளம் எதற்கு என்று யாராவது கேட்டால் கோபப்பட முடியாது. ஆனால் திங்கட்கிழமை காலையில் தலைவரின் மேசையில் கிடந்த இரண்டு வரைபடங்களில் ஒன்று, அதே கல் அமுக்க அமுக்க வீங்கியது என்று சொன்னது.

"அண்ணி, இந்த ரெண்டையும் பாருங்க. பாத்துட்டு எனக்குப் பைத்தியமா, கல்லுக்குப் பைத்தியமான்னு சொல்லுங்க" என்றார் தலைவர்.

அவள் அவருக்கு அண்ணி அல்ல. அவர் அவளைவிட இருபது வயதாவது மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் வாண்டுவும் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்ட தோழிகள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த வாண்டுவின் அண்ணன், தங்கையை அழைத்துப்போக வந்து வந்து, கடைசியில் தோழியையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் முடிந்து திரும்பிய முதல் நாளே வாண்டு கூடத்தின் ஒரு மூலையிலிருந்து, "அண்ணி, அந்தத் திருகாணிய எடுங்க" என்று கத்த, அந்த அழைப்பு வாசல் காவலாளி வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. தலைவருக்கு இப்போது அவளுடைய நிஜப் பெயர் நினைவிருக்குமா என்பதே சந்தேகம்.

அண்ணி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று அவள் அளந்தது. அழுத்தம் ஏற ஏறக் கல்லின் பருமன் ஒழுங்காக, பதவிசாக இறங்கியது. இன்னொன்று வாண்டு அளந்தது. முதலில் கொஞ்சம் இறங்கியது. பிறகு, கடலின் மிக ஆழமான பள்ளத்தில் இருப்பதைப்போலப் பத்து மடங்கு அழுத்தம் வந்த இடத்தில், யாரோ கீழேயிருந்து தட்டிவிட்டதுபோல மேலே எழும்பியது. இரண்டும் ஒரே பாறையிலிருந்து உடைத்த துணுக்குகள்.

"ரெண்டு கை, ஒரு எண். அதுதானே நம்ம பேச்சு?" என்றார் தலைவர். "இங்க ரெண்டு கை, ரெண்டு எண்."

அது அவர் வைத்த கட்டுப்பாடு. எந்தக் கல்லையும் இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். முடிவு அவர் மேசைக்கு வரும்வரை, செய்ததைப் பற்றி ஒருவர் மற்றவரிடம் மூச்சுவிடக் கூடாது. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் அண்ணி நாத்தனாருக்கும் அதில் சலுகை இல்லை. இத்தனை வருஷத்தில் இரண்டு கைகளும் ஒரே எண்ணைத்தான் கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன. ஆனால் அதுவரை அங்கே அமுக்கியதெல்லாம் கெட்டிக் கற்கள். இது வேறு ஜாதி. உள்ளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஓட்டைக்கல். முதல் தடவையாக அந்தக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்திருந்தது.

"ஓட்டை இருக்குற கல்லு இன்னும் சீக்கிரம் நசுங்கணும் சார்" என்றாள் அண்ணி, தனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைப் பிடித்துக்கொண்டு.

"அதேதான் நானும் சொல்றேன். உங்க கோடு சரி. வாண்டு எங்கேயோ சொதப்பியிருக்கா. போன வருஷம் கல்ல அமுக்குற வைரத்துல விரிசல் விழ வெச்ச கைதானே?" அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. சங்கடமான விஷயம் பேசும்போது மூக்கைத் தேய்ப்பவர். "அவளோட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள நான் கையெழுத்து போடணும். ரெண்டு பேரும் திரும்ப ஒரு தடவை அளங்க. அப்பவும் அவ கல்லு வீங்கிச்சுன்னா, மன்னிச்சிடுங்க அண்ணி, எனக்கு வேற கை வேணும்."

நாத்தனாருக்காகப் பரிந்து பேச வேண்டுமென்றால் தன் கோடு தப்பு என்று சொல்ல வேண்டும். தன் கோட்டில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். எதற்கு ஆட்டினோம் என்பதும் விளங்கவில்லை.

அவள் மண்டைக்குள் ஏற்கெனவே ஒரு பெரிய விஷயம் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவள் மாசமாக இருந்தாள். அதை அவளும் ஒரு டாக்டரம்மாவும் தவிர யாரும் அறியமாட்டார்கள். கணவருக்கும் தெரியாது. எதையும் வாயைவிட்டுச் சொல்லாத அவளை அமுக்குணி என்று அவர் கேலி செய்வது வழக்கம். இந்த அளவுக்கு அமுக்குவாள் என்று அவரே எதிர்பார்த்திருக்கமாட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை இப்படி ஆனபோது, அந்தச் சேதி கூடம் முழுக்க ஒரே நாளில் பரவிவிட்டது. அங்கே ஒரு விதி உண்டு. மாசமாக இருப்பவர்கள், கல்லின் பருமனை அளக்கும் எக்ஸ்ரே அறைக்குள் போகக்கூடாது. கருவி ஈயக்கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டித்தான் கிடக்கிறது, வெளியே ஒரு துளியும் கசியாது, கதிர் பட்டால் காட்டிக்கொடுக்கச் சட்டையில் குத்தியிருக்கும் பட்டை ஒவ்வொரு மாதமும் சுத்தம் என்றுதான் சொல்கிறது; ஆனாலும் விதி விதிதான். அவளை ஜன்னலோர மேசை ஒன்றில் உட்கார்த்தி வைத்துவிட்டு, அவள் ஒரு வருஷம் பாடுபட்ட கல்லை வேறொருவர் கையில் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் பிள்ளையும் தங்கவில்லை. பிறகு வந்ததெல்லாம் பரிதாபம். பாத்திரம் கழுவும் அம்மாகூட அவளைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கல்லும் போய், பிள்ளையும் போய், எல்லாருடைய இரக்கமும் மட்டும் மிச்சமாக நின்ற அந்த நாட்களை இன்னொரு தடவை தாங்க முடியாது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். போன தடவை கலைந்த அந்தக் கட்டத்தைத் தாண்டும்வரை வாயைத் திறப்பதில்லை. இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

திரும்ப அளக்கச் சொன்னதால் வாய்ப்பூட்டும் திரும்பப் போட்டாயிற்று. அண்ணி அன்று மதியமே வேலையில் இறங்கினாள்.

கல்லை அமுக்கும் கருவியை அங்கே செல் என்பார்கள். காதில் வைத்துப் பேசுவதல்ல, உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகு உருளை. அதற்குள் முனை மழுக்கிய இரண்டு வைரங்கள் முகத்தோடு முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகடு. தகட்டில் ஊசிமுனையைவிடச் சிறிய ஓட்டை. அந்த ஓட்டைக்குள் கல்லின் ஒரு பொடியை வைக்க வேண்டும், அழுத்தம் எவ்வளவு என்று காட்டிக்கொடுக்க ஒரு மாணிக்கத் துணுக்கை வைக்க வேண்டும், மிச்ச இடத்தைத் திரவத்தால் நிரப்பி, மூடி, திருகை இறுக்க வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. ஒரு தும்மல் வந்தால் ஒரு நாள் உழைப்பு காற்றோடு போகும்.

அவள் பொடியை வைத்தாள், மாணிக்கத்தை வைத்தாள், ஒரு சொட்டு விட்டாள், மூடினாள், இறுக்கினாள், எக்ஸ்ரே அறைக்கு எடுத்துப்போனாள். கல் சுருங்கியது. வாண்டு அதே மாலை தன் செல்லை எடுத்துப்போனாள். முடிவு தலைவரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் அறையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. வீங்கியிருந்தது.

சரி, செல்லில்தான் கோளாறு என்று மறுநாள் தலைவர் இருவருடைய செல்லையும் மாற்றிக் கொடுத்தார். வாண்டுவின் செல்லில் அண்ணியின் கல் சுருங்கியது. அண்ணியின் செல்லில் வாண்டுவின் கல் வீங்கியது. பொடியை மாற்றினார்கள். மாணிக்கத்தை மாற்றினார்கள். அறையின் குளிரை மாற்றினார்கள். எக்ஸ்ரே கருவிக்கு ஒன்றுமில்லை என்று அதைப் பராமரிப்பவர் வந்து தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். யார் கை தொட்டதோ அதன்படியே கல் நடந்துகொண்டது.

"கல்லுக்கும் கைராசி உண்டு போல. வாண்டு கை பட்டா வளருது. பேசாம நகைக்கடையில சேத்து விடுங்க சார், தங்கமும் வளரட்டும்" என்று பக்கத்து அறைக்காரர் சிரித்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். வாண்டுவும் சிரித்தாள். ஆனால் அவளுடைய சிரிப்பு எப்போதும்போல இல்லை. வழக்கமாக அவள் சிரித்தால் அறையில் இருக்கும் கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் சேர்ந்து சிரிப்பதுபோல இருக்கும். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதது அண்ணிக்கு வினோதமாக இருந்தது. கிழித்துப் போட்ட காகிதத்துக்காகக்கூடக் கூடத்தை ரெண்டாக்குகிற பெண், வேலையே போகப்போகிறது என்றபோது வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? செய்தது தப்பு என்று அவளுக்கே தெரியுமோ? அண்ணிக்கு அவள்மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் கரண்டி படும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணியின் கணவர் இந்தப் பக்கம் மனைவியைப் பார்த்தார், அந்தப் பக்கம் தங்கையைப் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்லயே" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"சண்டை இல்லாம இப்படி உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்கு. சண்டை போட்டாவாவது யார் பக்கம் பேசணும்னு எனக்குத் தெரியும்."

"யார் பக்கம் பேசுவ?" என்றாள் வாண்டு.

"யார் சோறு போடுறாங்களோ அவங்க பக்கம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வாண்டு தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "அண்ணா, உன் கடையில ஆள் வேணுமா?"

"உன்னயா? நீ ஒரே நாள்ல பாதிக் கண்ணாடிய உடைச்சிடுவ!"

விளையாட்டாகத்தான் சொன்னார். விரிசல் விட்ட வைரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. வாண்டுவின் முகம் சுண்டிப்போனது. கை கழுவ எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்று அவர் கேட்டார். அண்ணிக்குத் தொண்டைவரை வந்தது. எதைச் சொல்வது? கல்லைச் சொல்வதா, வயிற்றைச் சொல்வதா? ஒன்றை உருவினால் இன்னொன்றும் கூடவே வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை. "ஒண்ணுமில்லங்க, சாப்பிடுங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் கட்டுப்பாட்டை மீறினாள். தலைவர் இன்னும் வந்திருக்கவில்லை. வாண்டுவின் மேசைக்குப் போய், "நீ ஒரு தடவை நிரப்பு, நான் பாக்குறேன்" என்றாள்.

"வேண்டாம் அண்ணி. சார் பாத்தா உங்களையும் சேத்துத் திட்டுவாரு."

"திட்டட்டும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. உன் கை எங்க தப்புதுன்னு நான் கண்ணால பாக்கணும்."

வாண்டு அவளை ஒரு நிமிஷம் விநோதமாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கினாள். பிறகு குனிந்து வேலையை ஆரம்பித்தாள். அவள் கையில் ஒரு நடுக்கமும் இல்லை. பொடி ஓட்டையின் நடுவில் போய் உட்கார்ந்தது. மாணிக்கம் ஓரமாக நின்றது. அண்ணி செய்வதைவிட நறுவிசாகவே இருந்தது. இதில் தப்பு கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று அவள் திகைத்து நிற்கும்போதே, வாண்டு ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள்.

இரண்டு வகைச் சாராயமும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த திரவம் அது. கூடம் தொடங்கிய நாளிலிருந்து செல்லை நிரப்ப அதைத்தான் ஊற்றுகிறார்கள். நெடி வந்து மூக்கில் அடித்ததும் அண்ணிக்கு அடிவயிறு புரண்டது. எப்படி வந்தாள் என்றே தெரியாமல் வாசற்படியில் வந்து நின்றாள்.

நின்ற இடத்தில் அப்படியே உறைந்து போனாள்.

அவள் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூடியைத் திறந்தாலே குமட்டியது. அந்த ஆவி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம் வேறு. அலமாரியின் மேல்தட்டில் சும்மா கிடந்த சிலிகான் எண்ணெயை எடுத்து ஊற்றிக்கொண்டாள். அதற்கு வாசனையே கிடையாது. அதுவும் செல்லுக்கு ஊற்றுகிற திரவம்தான். கெட்டிக் கற்களுக்கு இதை ஊற்றினாலும் ஒன்றுதான், அதை ஊற்றினாலும் ஒன்றுதான். எதை ஊற்றினாய் என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை. திரவம் என்பது அந்தக் கூடத்தில் ஒரு சுமைகூலி. திருகை இறுக்கினால் அழுத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லின் எல்லாப் பக்கமும் சமமாக இறக்கிவைக்கும். அதற்குமேல் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. அவளும் அதை மாற்றியதை மாற்றமாகவே நினைக்கவில்லை.

ஆனால் இது ஓட்டைக்கல். சுமைகூலி வாசலோடு நிற்காமல் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டால்?

எண்ணெய்க்கு அந்தக் குழாய்களில் நுழைய முடியாது. அதன் உருவம் பெரிது. தண்ணீருக்கு முடியும். வெளியே நெருக்கடி தாங்க முடியாமல் போகும்போது, ஸ்பிரிட்டில் இருக்கும் அந்தக் கொஞ்சத் தண்ணீர் கல்லுக்குள் புகுந்துகொள்ளும். புகுந்தால் கல் வீங்கும். அமுக்க அமுக்க வீங்கும்.

"அண்ணி, ஏன் அங்க போய் நின்னுட்டீங்க?" என்றாள் வாண்டு, மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு வேலை இருக்கு."

காலியாக இருந்த ஓர் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, மூக்கைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு அவள் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தாள். முதல் தடவை சொட்டு விட்ட கையோடு கழிவறைக்கு ஓடவேண்டியதாயிற்று; திரும்பி வந்தபோது எல்லாம் ஆவியாகிப் போயிருந்தது. இரண்டாம் தடவை கண்ணில் நீர் வழிய மூடி இறுக்கினாள். மதியத்துக்குமேல் எக்ஸ்ரே அறையில், திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. இறங்கியது, இறங்கியது, பிறகு எழும்பியது.

அவள் கையால் நிரப்பிய கல்லும் வீங்கிவிட்டது.

இருவர் அளந்ததும் சரி. நாத்தனாரின் கை சுத்தம். துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். ஆனால் அவள் அந்த நாற்காலியிலேயே கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எண்ணெய் ஊற்றினேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் என்பது. இந்த இரண்டு வாரத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தாளே! கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. யோசித்து யோசித்து ஒரு சின்னப் பொய்யைத் தயார் செய்தாள்.

வெள்ளிக்கிழமை தலைவரின் அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். வாண்டுவின் ஒப்பந்தத் தாள் மேசையில், பேனா அதன்மேல். அண்ணி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்: எண்ணெய், ஸ்பிரிட், தண்ணீர், குழாய்.

தலைவர் வாயைப் பிளந்தபடி கேட்டார். பிறகு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "தண்ணியக் குடிச்சிருக்கா! அமுக்குன அமுக்குல கல்லு தண்ணியக் குடிச்சிருக்கா! அண்ணி, நமக்கு எப்படித் தோணாமப் போச்சு? ஆமா, நீங்க ஏன் எண்ணெய்க்கு மாறினீங்க?"

"ஸ்பிரிட் தீர்ந்திருந்துச்சு சார். எண்ணெய் கைக்கு எட்டுச்சு. எடுத்து ஊத்திட்டேன்."

"நல்லதாப் போச்சு! திங்கக்கிழமையிலிருந்து தண்ணிய கூட்டிக் குறைச்சு, ரெண்டு கையும், தினமும் அளக்கணும். எல்லாம் ஸ்பிரிட்லயே." அண்ணிக்கு அந்த நெடி நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டினாள். தலைவர் சந்தோஷத்தோடு பேனாவை எடுத்தார். எடுத்தவர், சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல வாண்டுவைப் பார்த்தார். "பாவம், உன்னயப் போய் சந்தேகப்பட்டோம். உங்கண்ணி எண்ணெய் ஊத்துறது உனக்குத் தெரியாதுல்ல?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் வாண்டுவுக்குப் பொய் சொல்ல வராது. முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"தெரியும் சார்."

பேனா நின்றது. "எப்போலேர்ந்து?"

"செல்லு கழுவுற தொட்டியில எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சு. ஒரு மாசமா தெரியும். ரெண்டு கோட்டையும் பாத்தப்ப, இதனாலதான் இருக்கும்னு தோணுச்சு."

"தோணுச்சா? தோணியும் வாயத் திறக்கல? நான் உன்னய வேலைய விட்டு அனுப்புறேன்னு சொன்னேன். கூடமே உன்னயப் பாத்துச் சிரிச்சுது. அப்பவுமா சொல்லல?"

வாண்டு தரையைப் பார்த்தாள்.

"ஏன் சொல்லல? கேக்குறேன்ல?"

தலைவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கை தவறலாம்மா. வைரத்த உடைச்சப்பகூட நான் உன்னய ஒண்ணும் பண்ணல. ஆனா தெரிஞ்சத மறைக்கிறவங்கள வெச்சுக்கிட்டு நான் இங்க ஒரு எண்ணக்கூட நம்ப முடியாது." அவர் பேனாவை மூடினார். ஒப்பந்தத் தாளை எடுத்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் ஏன் இப்படி நிற்கிறாள்? ஒரு மாதமாகத் தெரிந்திருந்தும், வேலையே போகும்போதும், ஏன் ஊமையாக இருக்கிறாள்? வாண்டு அப்போது ஒரு கணம் தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தாள். முகத்தைக்கூட அல்ல. வயிற்றைப் பார்த்துவிட்டு, பார்த்தது தெரிந்துவிட்டதோ என்று சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள்.

எண்ணெய் மட்டுமல்ல, அதற்கான காரணமும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஸ்பிரிட் தீரல சார்" என்றாள். "பாட்டில் நிறைய இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். நான் மாசமா இருக்கேன். அந்த வாடை ஆகல, அதான் எண்ணெய்க்கு மாறினேன். எக்ஸ்ரே ரூமுக்குப் போகக்கூடாதுன்னு தெரிஞ்சேதான் போனேன். இவ அதுக்காகத்தான் வாயத் திறக்கல. எண்ணெய்னு சொன்னா, ஏன் எண்ணெய்னு நீங்க கேப்பீங்க."

தலைவர் மூக்கைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவதா, வாழ்த்துவதா என்று அவருக்கே குழப்பம்போல. கடைசியில், "உக்காருங்க அண்ணி, நிக்காதீங்க" என்றார். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். அவர் ஓரத்தில் கிடந்த தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு அண்ணியின் சட்டையில் குத்தியிருந்த எக்ஸ்ரே பட்டையைக் கேட்டு வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். "கல்லு இனி வாண்டு கையில. ரெண்டாவது கை நான். உங்கமேல எனக்குக் கோபம் இருக்கு அண்ணி, அது ஒரு பக்கம். மொதல்ல டாக்டர்கிட்ட இதெல்லாம் சொல்லிட்டு வாங்க."

வெளியே நடைவழியில் ஆள் யாரும் இல்லை. அண்ணி சுவரில் சாய்ந்து நின்றாள். கல் கைவிட்டுப் போய்விட்டது. பயந்தது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. ஏன் வலிக்கவில்லை என்றும் விளங்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"தினமும் காலையில குழாயத் திறந்துவிட்டுட்டு வாந்தி எடுக்குறீங்க. பக்கத்து ரூம்ல படுத்திருக்கேன். நான் என்ன செவிடா?" வாண்டுவின் குரல் உடைந்தது. கோபமாகத்தான் பேசினாள். "எனக்குக் கோபம் இல்லன்னு நினைக்காதீங்க அண்ணி. நிறைய இருக்கு. நேத்து என் கைய வந்து பரிசோதிச்சீங்க பாருங்க, அப்ப கத்தணும்போல இருந்துச்சு."

"கத்தியிருக்கலாம்ல? அவர்கிட்டதான் சொல்லல, சரி. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? வேலை போற நேரத்துல யாராவது இப்படி வாய மூடிக்கிட்டு நிப்பாங்களா?"

வாண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன தடவை நான்தானே சொன்னேன்."

அண்ணி சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

"சந்தோஷத்துல ஊரெல்லாம் சொன்னேன். வாசல் கேட்டு வரைக்கும் போய் காவலாளிகிட்ட சொன்னேன். நான் சொல்லாம இருந்திருந்தா உங்கள அந்த ஜன்னலோரத்துல உக்கார வெச்சிருக்க மாட்டாங்க. நான் சொன்னதாலதான் எல்லாம் போச்சுன்னு..." முடிக்க முடியாமல் நிறுத்தினாள். "நீங்க ஒரு நாளும் என்னய ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அப்படியெல்லாம் இல்லை, பைத்தியம் என்று சொல்ல அண்ணி வாயெடுத்தாள். வரவில்லை. உண்மையில் அவள் அப்படி நினைத்திருந்தாள். ஒரு நாளும் வெளியே சொன்னதில்லை. ஆனால் அந்த ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, இவள் வாய் சும்மா இருந்திருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறாள். அது அநியாயம் என்று தெரிந்தே நினைத்திருக்கிறாள். இரண்டு வருஷமாக ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, சொல்லாமலேயே அதை இவளுக்குச் சொல்லியும் இருக்கிறாள் போலிருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போலவும் இருந்தது.

பையிலிருந்து போனை எடுத்தாள். கணவரின் கடை எண்ணை அழுத்தி, மணி அடிக்க ஆரம்பித்ததும் வாண்டுவின் கையில் வைத்தாள்.

"உங்க அண்ணனுக்குத் தெரியாது. நீயே சொல்லு."

வாண்டு பயந்துபோய்த் தலையை ஆட்டினாள். போனைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். அண்ணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மறுமுனையில் கடைச் சத்தத்துக்கு நடுவே, "ஹலோ, யாரு? ஹலோ?" என்று குரல் கேட்டது. வாண்டு போனைக் காதில் வைத்தாள். வாயைத் திறந்தாள். "ஹலோ, சத்தமே வரலயே" என்றார் அவர். அண்ணி கை நீட்டாமல், அவள் பேசட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள்.